எதிர்த்தெருப் பள்ளிக்கு நாம் தரக்கூடியது

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட், தண்ணீர் லாரி, மெயின்டனன்ஸ் பாக்கி என்று பேச வேண்டியது நிறைய இருக்கும்போது எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய தலைவருக்கும் செயலாளருக்கும் நன்றி. டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் பின்கேட்டுக்கு எதிர்த்தெருவில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சென்ற ஆண்டு நாம் எல்லோரும் பணம் போட்டு அந்தப் பிள்ளைகளுக்கு அறுபது ஸ்கூல் பேக் வாங்கிக் கொடுத்தோம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். எல்லோரும் கைதட்டினோம். வசூல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். பாதிப் பைகள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தன. தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்க சார். பை கவர்மென்டே கொடுத்துடுது."

அவர் சொன்னது உண்மை. பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசே தருகிறது. மதிய உணவு காமராசர் காலத்திலேயே வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இது எதுவும் தெரியாமல், கேட்காமல், நாம் பை வாங்கினோம்.

"அப்போ என்னதான் மேடம் வேணும்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது. "எங்க பிள்ளைங்களோட அப்பா அம்மாவைக் கூட்டத்துக்கு அனுப்புங்க சார். பாதிப் பேர் உங்க அபார்ட்மென்ட்லதான் வேலை செய்யறாங்க."

அவர் சொன்னது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இந்தக் குழு இருந்தாக வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை சரியில்லையா, ஆசிரியர் பற்றாக்குறையா, ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டதா, வந்த நிதியை எதற்குச் செலவிடுவது? இதையெல்லாம் பேசித் தீர்மானம் போடும் இடம் அது.

ஆனால் கூட்டம் நடப்பது வேலை நாள் பிற்பகலில். அந்த நேரத்தில் ஒரு அம்மா நம் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு அப்பா நம் கேட்டில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். கூட்டத்துக்குப் போனால் சம்பளப் பிடித்தம், அல்லது "இந்த மாசம் எத்தனை லீவு?" என்ற கேள்வி. போகாவிட்டால், தன் பிள்ளையின் பள்ளியைப் பற்றித் தான் இல்லாமலே முடிவாகிவிடும். நம் பிள்ளையின் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நாம் ஆபீஸில் பர்மிஷன் போடுகிறோம். அவர்களுக்கு பர்மிஷன் கொடுக்க வேண்டிய ஆபீஸ் நாம்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, பணம் செலவாகாதது. பள்ளிக் கூட்டம் நடக்கும் நாளில், அங்கே பிள்ளை படிக்கும் யாருக்கும் இரண்டு மணி நேரம் சம்பளப் பிடித்தமில்லாத அனுமதி. வீட்டு வேலை செய்பவர்களுக்கு அதை நீங்கள்தான் தர வேண்டும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு ஷிஃப்டை மாற்றிக் கொடுக்க ஏஜென்சியிடம் சங்கம் எழுத்தில் சொல்ல வேண்டும். இதை இன்று தீர்மானமாகவே முன்மொழிகிறேன்.

இரண்டாவது, நமக்குத் தெரிந்ததைச் சொல்வது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. பல பிள்ளைகள் இதைத் தவறவிடுவது அறிவு குறைந்ததால் அல்ல, வருமானச் சான்றிதழ் நேரத்துக்கு வராததால்.

இன்னொன்று. கஷ்டப்பட்டுப் பணம் சேர்த்து, ஏழாம் வகுப்பில் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று உங்களிடம் யாராவது யோசனை கேட்டால், ஒரு நிமிடம் நின்று பதில் சொல்லுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்த ஆண்டுகள் முக்கியம். முடிவு அவர்களுடையது. ஆனால் விவரம் தெரிந்து எடுக்கட்டும். சனிக்கிழமை மாலை கிளப் ஹவுஸில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேர் போதும்.

மூன்றாவது, நேரம். வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், பிள்ளைகள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்க ஆள் கேட்கிறார் தலைமை ஆசிரியை. பாடம் நடத்த வேண்டாம், அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகக் கேட்டால் போதும். ஓய்வு பெற்றவர்கள் நம்மில் நிறைய. ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு. தலைமை ஆசிரியையின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் போகக் கூடாது. எப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும். பிள்ளைகளைப் போட்டோ எடுக்கக் கூடாது. பெயர் கொடுத்தால் ஒரு பருவம் முழுக்க வர வேண்டும். இரண்டு வாரம் வந்து நின்றுவிட்டால், காத்திருந்த பிள்ளைக்குத்தான் ஏமாற்றம்.

பணமே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் பட்டியலை அவர்கள் தரட்டும். 1950களின் இறுதியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, நம் மாநிலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகு ஊரார் ஆளுக்கொன்றை ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கணக்கோடு கொடுக்க முடியும்.

"நம் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லையே, நமக்கு என்ன?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். நாம் அந்தப் பள்ளியோடு ஏற்கெனவே சம்பந்தப்பட்டுத்தான் இருக்கிறோம். அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய் தந்தையருடைய பகல் நேரம் நம்மிடம் இருக்கிறது. அதில் மாதம் இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதை உதவி என்றுகூட நான் சொல்ல மாட்டேன்.

நோட்டீஸ் போர்டு பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வாசிப்பு நேரத்துக்கும் சனிக்கிழமை மேசைக்கும் தனித்தனிப் பத்தி இருக்கிறது, பெயர் எழுதுங்கள். முதல் வேண்டுகோளுக்குப் பெயர் எழுத வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் "உங்க பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குது, மீட்டிங் என்னிக்கு?" என்று கேளுங்கள். அது போதும்.

டீ வந்துவிட்டது.