வந்தவரா, வந்திருக்கிறாரா?

அமெரிக்க மிசனரி டானியல் பூவர் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். இருநூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது, நம் பிள்ளைகளும் ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனாலும் 'ஹாவ்' என்ற சின்னச் சொல் இன்றைக்கும் ஆளை மடக்கும்.

கனடாவில் இருக்கிற தெல்லிப்பழைக்காரர் ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். 'ஐ லிவ்ட் இன் தெல்லிப்பழை ஃபோர் டென் இயர்ஸ்.' பத்து வருசம் இருந்தார், இப்போது இல்லை. சரி. அதையே 'ஐ ஹாவ் லிவ்ட்' என்றால்? பத்து வருசமாக இருக்கிறார், இன்றும் அங்கேதான். கேட்கிற வெள்ளைக்காரர் குழம்புவார். ஆள் நிற்பது டொரொன்டோவில் அல்லவா!

நமக்கு இது புதிதில்லை. 'மாமா வந்தவர்' என்றால் வந்தார், திரும்பிப் போயுமிருக்கலாம். 'மாமா வந்திருக்கிறார்' என்றால் உள்ளே இருக்கிறார், தேத்தண்ணி வை. 'ஹாஸ் கம்' இந்த இரண்டாவதுதான். வந்தது முடிந்த கதை, ஆனால் ஆள் இப்போது வீட்டில்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். தமிழில் 'நேற்றே வந்திருக்கிறார்' என்போம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்தால் 'ஹாஸ்' வராது. 'ஹி கேம் யெஸ்டர்டே', அவ்வளவுதான். நேற்று, போன கிழமை, 1990 என்று முடிந்த நேரத்தைச் சொன்னால், 'ஹாவ்', 'ஹாஸ்' இரண்டையும் விடுங்கள். மற்ற விதிகளில் பாதி மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பேன்.

இடம்பெயர்ந்து போனவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் தெல்லிப்பழை.' வருசக் கணக்கே வேண்டாம். முன்பு இருந்தேன், இப்போது இல்லை என்பது அதிலேயே வந்துவிடும்.