வாமன முனிவரின் ஏடும் மெக்காலேயின் அலமாரியும்



காஞ்சி மாநகரை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சினகாஞ்சி எனப் புகழ்பெற்றது. அங்கே திரைலோக்கியநாதர் ஆலயத்துச் சங்கீத மண்டபத்தை எழுப்பிய விசயநகர அமைச்சர் இருகப்பருக்கு ஆசிரியர் புட்பசேன முனிவர். அவர்தம் குரு மல்லிசேன வாமன முனிவர். மேருமந்தர புராணம் பாடியவரும், நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வகுத்தவரும் இவ்வாமன முனிவரே என்பர். பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் என ஒவ்வொரு கொள்கையையும் எடுத்துரைத்து வாதிடும் தருக்க நூல் அது.

இத்தகைய கல்வியை ஆங்கில ஆட்சியாளர் எவ்வாறு மதித்தனர்? எல்லோரும் ஒருபடித்தாக மதித்தாரல்லர். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளை எண்ணச் செய்தார். 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் காட்டிய தொகை 12,498. ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்னும் கணக்கு. ஆசிரியர் வருவாய் சொற்பம், கற்பிக்கும் முறை குறையுடையது என்றும் அவர் எழுதினார்; ஆயினும் சில காலத்துக்கு முன் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையினும் இது மேலானது என ஒப்புக்கொண்டார். பள்ளி சென்ற பெண்கள் மிகச் சிலரே என்பதையும் மறைத்தல் ஆகாது. பவணந்தியாரின் நன்னூலும் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டும் சமய வேறுபாடின்றித் தமிழ் மாணாக்கர் ஓதிய நூல்கள். இரண்டும் சமணர் தந்தவை.

1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய குறிப்பு வேறு வகையினது. வடமொழியும் அரபியும் தமக்குத் தெரியா என்று அவரே கூறுகிறார். கூறிவிட்டு, நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டுக்கு இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதும் ஈடாகாது எனத் தீர்ப்பளிக்கிறார்! வெண்ணெய்க் கடலைச் சொல்லும் பூகோளத்தையும் எள்ளி நகையாடுகிறார்.

ஏளனத்தைக் காட்டிலும் கேடு செய்தது பிழைப்பு. 1844இல் ஹார்டிஞ்சு பிரபு, அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றோர்க்கே முன்னுரிமை என ஆணையிட்டார். வேலை தராத கல்விக்குப் பிள்ளைகளை விடுப்பவர் எத்தனை பேர்? ஓதுவார் குறைந்த இடத்தில் ஏட்டைப் புதிதாகப் படியெடுப்பாரும் குறைந்தனர். படியெடுக்காத ஓலை நெடுநாள் நில்லாது.

நீலகேசி அவ்வாறு அழியாமல் தப்பியது. வாமன முனிவர் உரையுடன் 1936இல் அதனை அச்சேற்றியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். சமணக் குடியிற் பிறந்து, ஆங்கிலக் கல்வி பயின்று, அவ்வரசின் கல்விப் பணியிலேயே உயர்ந்தவர் அவர். தமிழ் மூலமும் உரையும் உள்ள அப்பதிப்புக்கு நெடிய முன்னுரையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார்.