துண்டுக்கு இடும் பெயர்



பரிசோதனை அட்டவணையின் முதல் நிரலைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். விளைச்சல் நிரல்களைத் துருவித் துருவி ஆராய்கிறோம். எந்த நிலத்துண்டுக்கு என்ன செய்தோம் என்று சொல்லும் நிரலுக்கு அந்தக் கவனத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அதில் பிழைத்தால் மற்ற நிரல்கள் எதற்கும் உதவா.

இந்தப் பேச்சுக்கு இலங்கையின் மலையகமே பொருத்தமான இடம். 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிறது. அந்நிலையத்தில் பணியாற்றிய தோமஸ் ஈடன், அதற்கு முன் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷருடன் ஆய்வு செய்தவர். 1927இல் இருவரும் சேர்ந்து, தானியப் பயிருக்கு மேலுரம் இடுவது பற்றிய பரிசோதனையை வெளியிட்டார்கள். 1931இல் ஈடன் தேயிலைக் களப் பரிசோதனைகளின் வழுவைப் பற்றி எழுதினார். ஃபிஷரின் பரிசோதனை வடிவமைப்பு நூல் வெளிவந்தது 1935இல்தான். அந்த நூலுக்கு முன்பே அந்தச் சிந்தனை நம் மலைகளில் வேரூன்றிவிட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ரொதம்ஸ்டெட்டின் ஃபிராங்க் யேற்ஸ் 1937இல் காரணிப் பரிசோதனைகள் பற்றி எழுதிய நூலில் உள்ள குறியீடு இன்றும் நம் கையில் இருக்கிறது. நைதரசன் (என்), பொசுபரசு (பி), பொற்றாசியம் (கே) மூன்றும் இரண்டிரண்டு மட்டத்தில் என்றால் எட்டுச் சேர்க்கைகள், அதாவது எட்டுப் பரிகரிப்புகள்: (1), என், பி, என்பி, கே, என்கே, பிகே, என்பிகே. எழுத்து இருந்தால் அந்தக் காரணி மேல் மட்டத்தில். இல்லாவிட்டால் கீழ் மட்டத்தில். மூன்றும் கீழ் மட்டத்தில் இருப்பதே (1).

இதன் அழகு சரிவில்தான் தெரியும். நம் மலையில் மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் ஒன்றல்ல. எட்டுத் துண்டுக்கு ஒரே சீரான நிலம் கிடைப்பது அரிது. நான்கு நான்காகப் பிரித்துத்தான் ஆகவேண்டும். எந்த நான்கு? இரண்டு பெயர்களைப் பெருக்குங்கள். ஒரே எழுத்து இருமுறை வந்தால் அடித்துவிடுங்கள். என்பியையும் பிகேயையும் பெருக்கினால் பி அடிபட்டு என்கே வரும். (1), என்பி, என்கே, பிகே ஆகிய நான்கையும் தமக்குள் எப்படிப் பெருக்கினாலும் விடை அந்த நான்குக்குள்ளேயே நிற்கும். அவை ஒரு தொகுதி. மிச்ச நான்கும் மற்றத் தொகுதி. மூன்று காரணிகளும் சேர்ந்த இடைத்தாக்கம் மட்டும் தொகுதி வேறுபாட்டோடு கலந்துபோகும். தனி விளைவுகளும் இரண்டிரண்டின் இடைத்தாக்கங்களும் அந்தக் கலப்பிலிருந்து தப்பிவிடும். பரிகரிப்புகளுக்கு வெறுமனே ஒன்று முதல் எட்டுவரை எண் போட்டவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாது.

ஆனால் (1) என்பது களத்தில் ஆபத்தானது. அடைப்பு விடுபட்டால் அது முதலாம் துண்டாகவோ முதலாம் பரிகரிப்பாகவோ ஆகிவிடும். அதைவிடப் பெரிய தவறு, அதை 'உரமில்லாத துண்டு' என்று படிப்பது. கீழ் மட்டம் பூச்சியமாக இருக்கவேண்டியதில்லை. தேயிலையில் பல வேளை அது குறைந்த அளவு உரமே. மட்டங்களை 0, 1, 2 என்று எழுதினாலும், கழித்தல், கூட்டல் குறி போட்டாலும் இதே மயக்கம்தான். ஆகவே குறியீட்டுக்குப் பக்கத்தில் ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

துண்டு இலக்கம், பரிகரிப்பின் பெயர், அட்டவணையின் ஒழுங்கு ஆகிய மூன்றையும் ஒன்றாக்கக் கூடாது. (1) முதல் என்பிகே வரையான யேற்ஸின் ஒழுங்கு கணக்குப் பார்ப்பதற்கு. நிலத்தில் பரிகரிப்பு எழுமாறாகவே விழவேண்டும். தேயிலைப் பரிசோதனை ஒரு கவ்வாத்திலிருந்து அடுத்த கவ்வாத்துவரை ஆண்டுக்கணக்கில் நீளும். ஒவ்வொரு சுற்றிலும் துண்டு துண்டாகக் கொழுந்து நிறுக்கப்படும். திட்டம் வரைந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். துண்டுப் பலகையும் பதிவேடும்தான் மிஞ்சும். கொழுந்தெடுக்கும் பெண்ணும் நிறுவைக்கு நிற்கும் கணக்கப்பிள்ளையும் அவற்றைத் தடுமாறாமல் படிக்கவேண்டும்.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதால் அது உடனே இடறுகிறது. உரச் சாக்கில் அச்சாகும் அதே மூன்று எழுத்துகளைப் பலகையில் வைத்துக்கொண்டு, அளவுகளையும் செய்முறையையும் தமிழில் எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிட நல்ல வழி இந்த அவையில் யாரிடமாவது இருந்தால், இன்றைய அமர்வுகளில் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.