கப்பல் காத்திருக்காது

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் கலவை கூடுகையில், மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த கூடுகையைக் கப்பலில் வைக்கலாம் என்று போன முறை ஒரு யோசனை வந்தது. எல்லாரும் கை தட்டினோம். ஆனா, கை தட்டிய பிறகுதான் பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார்: "கப்பல் டிக்கெட் ஒரு செலவு. துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றுவது இன்னொரு செலவு. கப்பல்காரர் ஏற்பாடு செய்யும் டூரில் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவதா, நாமே வண்டி பேசிப் போவதா?" இதற்குப் பதில் சொல்லும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். 2023-இல் நாங்கள் இருபத்திரண்டு பேர் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய் வந்தோம். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் பொறுப்பு என் தலையில்தான் இருந்தது. அந்த ஒரு தகுதிதான் எனக்கு.

இது சின்ன விஷயம் இல்லை. நம்மில் ஏற்றுமதி செய்து நல்ல நிலையில் இருப்பவர்களும் உண்டு. ராணிப்பேட்டையில் முப்பது வருஷம் டேனரி சூப்பர்வைசராக இருந்து, சின்ன பென்ஷனில் காலம் தள்ளுபவர்களும் உண்டு. தலைக்குச் செலவு கூடக்கூட யார் பெயர் பட்டியலிலிருந்து முதலில் உதிரும் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் "உடம்பு சரியில்லை, நான் வரலை"ன்னு சொல்லிடுவாங்க. காரணத்தைச் சொல்ல மாட்டாங்க.

முதலில் வரலாறு கொஞ்சம். கடல் வழிப் பயணம் நமக்குப் புதுசு இல்லை. 1914-இல் தொடங்கி 1964 டிசம்பர் புயல் வரை, தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போனவர்கள் நம் தாத்தாக்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன 'ரஜுலா' கப்பலை இங்கே பெரியவர்கள் சிலர் பார்த்தே இருப்பீர்கள். அதெல்லாம் பிழைப்புக்குப் போன கப்பல். உல்லாசக் கப்பல் சென்னைக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது 2022 ஜூனில். 'எம்ப்ரஸ்' என்ற அந்தக் கப்பல் விசாகப்பட்டினம் பக்கம் போய் வந்தது. 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்தில் பயணிகள் முனையம் திறந்தபோது, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைச் சுற்று தொடங்கியது. ஏன் ஜூன் மாதம்? தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பை, கோவா பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது அப்படியே தலைகீழாக மாறிடும். ஆகவே எந்தக் கப்பலில் போவதாக இருந்தாலும் மாதத்தைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

இப்போ பொருளாளர் கேள்விக்கு வருகிறேன். கப்பல்காரர் ஏற்பாடு செய்யும் டூருக்கும் நாமே போவதற்கும் உள்ள வித்தியாசம் பணம் மட்டும் இல்லை. அவர்கள் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டு வந்து சேர்க்கும் பொறுப்பாவது அவர்களுடையது. நாமே பேசிய வேன் தாமதமானால் கப்பல் போயே போய்விடும். இதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கன்டெய்னர் 'கட்-ஆஃப்' நேரத்துக்குள் துறைமுக கேட்டைத் தாண்டவில்லை என்றால் என்ன ஆகும்? ஷூ எவ்வளவு நல்ல ஷூவாக இருந்தாலும் கப்பல் ஏறாது. எல்.சி.யில் கடைசித் தேதி தாண்டினால் பாங்க் மானேஜர் முகத்தைப் பார்க்க முடியாது. நாம் அனைவரும் அங்கே வெறும் சரக்குதான், நண்பர்களே.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். காங்கேசன்துறைக்குக் கப்பல் காலை 8 மணிக்கு வருகிறது, மாலை 3 மணிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். அட்டவணையைப் பார்த்து ஏழு மணி நேரம் இருக்கு என்று பையன்கள் குதிப்பார்கள். ஏழு மணி நேரம் கிடையாது. புறப்படுவதற்கு ஒரு மணி முன்பே எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஆக 2 மணி. கப்பல் நின்ற உடனே யாரும் இறங்க முடியாது. குடியேற்ற அதிகாரிகள் அனுமதி, பாஸ்போர்ட் சோதனை, வரிசை எல்லாம் முடிய 9.30 ஆகும். மிச்சம் நாலரை மணி. அதில் ஒரு மணி நேரத்தைத் தொடக் கூடாத பணம் மாதிரி தனியாக எடுத்து வையுங்கள். மூன்றரை ஆச்சு. யாழ்ப்பாணம் அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் சுமார். போக வர ஒன்றேகால் மணி. கையில் நிற்பது இரண்டேகால் மணி நேரம்தான். ஏழு எங்கே, இரண்டேகால் எங்கே!

இரண்டேகால் மணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில், 1981-இல் எரிக்கப்பட்டுப் பின்பு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், ஒரு நல்ல சாப்பாடு, இவ்வளவு முடியும். நல்லூரில் ஆண்கள் சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். நடுப்பகலில் அங்கேயும் நடை சாத்துவார்கள் என்பதால் நல்லூரைத்தான் முதலில் வைக்க வேண்டும். எப்போதும் தூரத்து இடத்தை முதலில் முடித்துவிட்டுத் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டே இருக்க வேண்டும். கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், மாவிட்டபுரம் எல்லாம் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே இருப்பவை. அவற்றைக் கடைசியில் வையுங்கள். நேரம் இருந்தால் கடலை ஒட்டிய அந்த நல்ல தண்ணீர்க் கேணியில் முழுக்குப் போடலாம். இல்லாவிட்டால் எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறலாம்.

எங்களுடன் வந்த ஒரு நண்பரின் மனைவி, நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். மாமியார் காலத்து வேண்டுதல். மறுத்துப் பேச எனக்கும் மனசு வரலை. ஆனா கணக்கு என்ன சொல்கிறது? காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ரோட்டில் ஒன்றரை மணி நேரம். அங்கே படகுக்குக் காத்திருந்து, ஏறி, தீவில் இறங்க இன்னும் அரை மணிக்கு மேல். போக வர நாலு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது, அம்மனை ஒரு நிமிஷம் பார்ப்பதற்கு முன்னாலேயே. ஒரு கப்பலைப் பிடிக்க இன்னொரு படகை நம்பிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. "அம்மா, இந்தத் தடவை வேண்டாம்மா"ன்னு சொன்னேன். அவர்கள் முகம் வாடியது, ஆனால் ஒத்துக்கொண்டார்கள். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

திருகோணமலை வேறு மாதிரி. அங்கே எல்லாம் கைக்கெட்டும் தூரம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே, சுவாமி மலைப் பாறை மேலே கோணேஸ்வரம். சம்பந்தர் பாடிய தலம். 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்த கோயில், பிறகு மறுபடி எழுந்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஊரை விட்டுச் சிறிது தூரத்தில். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறு வேறு. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அங்கிருந்து திரும்பும்போதுதான் எங்கள் மூன்று வேன்களில் ஒன்று பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை! டிரைவர் தம்பி பாவம், வியர்த்துப் போனார். ஆனா மூன்று வேனும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக வேண்டும், ஆளுக்கொரு பக்கம் பிரியக் கூடாது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். பஞ்சரான வண்டியில் இருந்த ஏழு பேரும் மற்ற இரண்டில் நெருக்கி ஏறிக்கொண்டோம். கல்லூரி நாட்களில் வேலூர் டவுன் பஸ்ஸில் தொங்கிய உடம்புதானே! தனியாக எடுத்து வைத்த அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிஷம் செலவு. மிச்ச நேரத்தில் துறைமுக வாசலில் நின்று இளநீர் குடித்தோம்.

வண்டி பேசுவதில் சில சங்கதிகள். போவதற்கு முன்பே பேசிவிடுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எந்த ரூபாய் என்று கேளுங்கள்! அவர்களுக்கும் ரூபாய், நமக்கும் ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் வரும். ஒரு டிரைவர் சொன்ன தொகையைக் கேட்டு எங்கள் பாய் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்; இலங்கை ரூபாய் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பாதி முன்பணம், மீதி துறைமுக வாசலில் இறங்கிய பிறகு. வெளி வண்டிகளைத் துறைமுகத்துக்குள் விடுவார்களா என்றும் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் கேட் வரை நடக்க வேண்டியிருக்கும். பௌர்ணமி நாளா என்று காலண்டர் பாருங்கள். இலங்கையில் மாதா மாதம் அன்று 'போயா' விடுமுறை. கடைகள் பல மூடியிருக்கும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் நண்பர்களுக்கு நேரம் ஒதுக்கித்தான் திட்டம் போட வேண்டும்.

கப்பல் கரையில் கட்டுமா, வெளியே நங்கூரம் போட்டுப் படகில் இறக்குவார்களா என்பதும் முக்கியம். லட்சத்தீவில் பெரிய கப்பல்கள் வெளியேதான் நிற்கும். ஆடும் படகில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் செட்டில் நிறைய. அவர்கள் அன்றைக்குக் கப்பலிலேயே இருந்துவிடலாம். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

சிங்கப்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. இலங்கையின் கடிகாரமும் நம் கடிகாரமும் இப்போது ஒன்றுதான். 2006-க்கு முன் சில வருஷம் அப்படி இல்லை. ஆனா சிங்கப்பூர், பினாங்கு ஒரு நேரம். புக்கெட் அதற்கு ஒரு மணி பின்னால். செல்போன் கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். கப்பல் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பழைய கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள். தினமும் அறைக்கு வரும் தாளில் துறைமுக ஏஜென்ட் பெயரும் போன் நம்பரும் இருக்கும். அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வையுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

சரி, என் பதில். திருகோணமலையிலும் காங்கேசன்துறையிலும் நாமே போகலாம். மொழி நம் மொழி. வழி கேட்டால் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிற ஊர். வேனுக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு நன்றாகவே குறையும். இரண்டு மூன்று பேராகப் போனால் அந்த லாபம் கிடைக்காது. அம்பாந்தோட்டையில் மட்டும் கப்பல்காரர் டூரையே எடுங்கள் என்பேன். அங்கே சிங்களம் தெரிய வேண்டும். கதிர்காமம் போவதானால் ஒரு மணி நேர ஓட்டம். வழியில் ஒன்று என்றால் நம்மால் சமாளிக்க முடியாது. அந்த ஒரு நாள் டூர் பணத்தைச் சங்கம் ஏற்க முடியுமா என்று செயற்குழு பார்க்கட்டும். மாணவர்களில் வணிகவியல் படிப்பவர்கள் இரண்டு பேர் கணக்குத் தாள் போட்டுக் கொடுத்தால், எனக்கு மகிழ்ச்சி.

நயினாதீவு விஷயம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அதில் போய் யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவு தங்கினால் காலையில் நிதானமாகக் குறிகட்டுவான் போய் அம்மனைப் பார்த்து வரலாம். எந்தக் கப்பலும் ஊதிக் கூப்பிடாது. அந்த அம்மா பெயரை முதல் ஆளாக எழுதியிருக்கிறேன். இன்னும் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு வேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னைப் பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும்.