கையெழுத்து யாருடையது?



2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று இரவோடு இரவாக வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

பழி முதலில் மழைமேல் விழுந்தது, நூறாண்டு காணாத மழை என்று. பெருமழைதான், மறுக்கவில்லை. ஆனால் 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றது. இடையில் இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. கவனியுங்கள், தாமதமும் தப்பிப்பதற்கு ஒரு வழிதான். அறிக்கை வரும்போது முடிவெடுத்தவர் மாறுதலாகிப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார்.

தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு, அது கோப்புக்குள் இருக்கிறது. செய்தியாளராக எனக்குப் பிடித்த வேலை கோப்பு படிப்பது. ஒருமுறை ஒரு அலுவலகத்தில், சிக்கலான ஒரு முடிவின் கோப்பைப் பார்வையிட்டேன். உதவியாளர் குறிப்பு விவரமாக இருந்தது. கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் இருந்தது. அதற்கு மேல் உயரதிகாரி பச்சை மையில் எழுதிய ஒரே சொல்: ‘பேசுக’. அடுத்த பக்கத்தில் முடிவே மாறியிருந்தது! யார் யாரிடம் என்ன பேசினார்கள்? ஒரு வரி இல்லை. எழுத்தர் சொன்னார்: “மேலிருந்து வாய்மொழியா வந்ததுங்க, நாங்க என்ன செய்ய?” நேயர்களே, வாய்மொழி உத்தரவுக்குக் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் யாரிடம் கேள்வி கேட்பீர்கள்? கடைசியில் கீழ்நிலை ஊழியர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் ஆவார், அத்தோடு விவகாரம் முடிந்துவிடும்.

இதை உச்சநீதிமன்றமும் உணர்ந்திருக்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபரில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் செயல்படக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நேர்மையான அலுவலருக்கும் அதுதான் கவசம்.

 

ஆக, மழைமேல் பழி, காலதாமதம், எழுதாத உத்தரவு, இந்த மூன்றுக்கும் எதிராக நம் கையில் இருப்பது 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். கோப்புக் குறிப்புகளையே கேட்கலாம், நேரில் பார்வையிடலாம். உங்கள் ஊர் ஏரியோ சாலையோ, ஒரு முடிவு தவறாகப் போனால், “ஏன் நடந்தது” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பதவியில் இருந்தவர், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கையெழுத்திட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், அடுத்த கோப்பில் ‘பேசுக’ என்பதற்குக் கீழே பேசியதும் பதிவாகும் என்று நம்புகிறேன்.