புல்வெட்டும் வண்டி வாங்கும் முன்

பள்ளித் திடல், கோயில் வளாகம், தொழிற்சாலை முற்றம் ஆகிய இடங்களில் புல்வெட்டும் குத்தகை எடுத்துப் பிழைக்கும் தோட்டத்துக் குடும்பங்கள் உண்டு. முதுகில் இயந்திரத்தைச் சுமந்து வெட்டியவருக்கு, உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பணம் சேமநிதியில் எடுத்ததாக இருக்கும். அல்லது வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்ததாக இருக்கும். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

குத்தகைக்காரர்கள் விரும்புவது 'ஜீரோ டர்ன்' எனப்படும் வண்டி. இதில் பெரும்பாலும் ஸ்டீரிங் இராது; இரண்டு கைப்பிடிகள் இருக்கும். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு கைப்பிடி தனியாக இயக்கும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் நகர்த்தினால், வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும்.

48 அங்குல வெட்டு அகலமுள்ள வண்டியை மணிக்கு 5 மைல் வேகத்தில் ஓட்டினால், கணக்குப்படி ஏறக்குறைய 2.4 ஏக்கர் வெட்டலாம். திரும்பும் நேரத்தையும், வெட்டிய வரிசைமேல் சற்று ஏறி வெட்டுவதையும் கழித்தால் 2 ஏக்கருக்குள் நிற்கும். ஒரு காற்பந்துத் திடல் ஒரு மணி நேர வேலை. உங்களிடம் இரண்டு திடல்கள்தாம் உள்ளன, மாதம் இருமுறை வெட்டுகிறீர்கள் என்றால், வண்டிக்கு மாதம் 4 மணி நேரம்தான் வேலை. மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. அப்படிப்பட்டவர் முதுகு இயந்திரத்தோடு இருப்பதே மேல்.

வேலை போதுமான அளவு இருக்கிறது, பணம்தான் குறைவு என்றால்? வீட்டு உபயோகத்துக்குச் செய்த புது வண்டியைவிட, குத்தகை வேலைக்கென்றே செய்த பழைய வண்டி நல்லது என்பது என் கருத்து. வீட்டு வண்டி பளபளப்பாக இருக்கும். ஆனால் பிளேடுகளை மூடும் தட்டு மெல்லிய தகடு. சக்கரத்தை இயக்கும் பகுதியைப் பழுது பார்ப்பதும் பல வண்டிகளில் கடினம். தினமும் பல மணி நேரம் ஓட்டினால் தாங்காது.

பழையதைப் பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லி வையுங்கள். போனதும் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பத் தகராறு செய்கிறதோ என்று கேட்க வேண்டியதுதான். பிறகு சாவியை எடுத்து, பிளக் வயரையும் கழற்றிவிட்டு, கையுறையோடு பிளேடை ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அடித்தட்டில் துரு, விரிசல் உண்டா என்றும் பாருங்கள்.

முக்கியமான சோதனை இனிமேல்தான். அரைமணி நேரமாவது ஓட்டிச் சூடேற்றுங்கள். தேய்ந்த ஹைட்ராலிக் பம்பு குளிராக இருக்கும்போது நன்றாகவே இழுக்கும்; எண்ணெய் சூடானதும் சோர்ந்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி விலை பேசுகிறவரிடம் அவசரப்பட வேண்டாம். பம்பு மாற்றும் செலவு, மலிவாக வாங்கிய இலாபத்தை விழுங்கிவிடும்.

பிளேடு சுழலும்போது இருக்கையிலிருந்து சற்று எழுந்தால் இஞ்சின் நின்றுவிட வேண்டும். சிலர் வயரை இணைத்து இதைச் செயலிழக்கச் செய்திருப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஓட்டப்போவது உங்கள் மகனாக இருக்கலாம்.

மேட்டு நிலத்துக்கு இந்த வண்டி ஆகாது. முன்சக்கரங்கள் வெறுமனே உருள்பவை. அவற்றுக்குப் பிரேக் இல்லை. ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி இறக்கத்தில் தானாகச் சறுக்கும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏற்றவே கூடாது. வண்டியின் புத்தகம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே கேளுங்கள். கால்வாய் ஓரத்தை முதுகு இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள். கவிழ்வுத் தடுப்புக் கம்பி நிமிர்ந்திருக்கும்போது இடைவார் கட்டியே ஓட்ட வேண்டும். தாழ்ந்த கிளைக்காகக் கம்பியை மடக்கினால், வாரை அவிழ்த்துவிட வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். அரை டன் எடையுள்ளதை ஏற்றிச் செல்ல லோரியும், உறுதியான சரிவுப் பலகையும் வேண்டும். வாங்கும் முன்பே அருகிலுள்ள பட்டறைக்குப் போய், அந்த வண்டிக்குரிய பெல்ட்டும் பிளேடும் கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். கிடைக்குமென்றால், வண்டியோடு சேர்த்து ஒரு பெல்ட்டையும் ஒரு செட் பிளேடையும் வாங்கி வையுங்கள்.