வேல்ஸ் மலைநாட்டு விவசாயியும் அரசாங்க மானியமும்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, மருந்து என்று பேசுவதுதான் வழக்கம். இன்று வெளிநாட்டுச் செய்தி ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். வேல்ஸ் நாட்டு விவசாயிகளுக்கு அரசாங்கம் கொடுத்துவரும் மானியத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "ஆட்டுக்காரன் கதை பால்மரம் வெட்டுகிறவனுக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

வேல்ஸ், இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நாடு. மக்கள் சுமார் 31 இலட்சம். ஆடுகளோ 90 இலட்சத்துக்குக் கிட்ட. மலையும் மழையும் காற்றும் நிறைந்த பூமி. அங்குள்ள விவசாய நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு, பயிருக்கு ஏற்றதல்லாத தாழ்ந்த நிலம் என்று அரசாங்கமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. நெல் அங்கே பேச்சுக்கு இல்லை; கோதுமையும் குறைவு. புல் முளைக்கும், ஆடு மேயும், சில இடங்களில் மாடு கறக்கும். அவ்வளவுதான்.

அந்த மக்களுக்கு ஆங்கிலத்திலிருந்து வேறுபட்ட தனி மொழி உண்டு. 1901ஆம் ஆண்டுக் கணக்கின்படி வேல்ஸ் மக்களில் பாதிப்பேர் வெல்ஷ் மொழி பேசினார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் அது 17.8 சதமாகச் சுருங்கிவிட்டது. ஏறக்குறைய 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர். ஆனால் விவசாய வேலையில் இருப்பவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அதே 2021இல் நூற்றுக்கு 43 பேர் வெல்ஷ் பேசுகிறார்கள்! வேறு எந்தத் தொழிலிலும் அந்த மொழிக்கு இவ்வளவு இடமில்லை. கார்மார்த்தன், கெரெடிகியோன், குவினெத், ஆங்கில்சி ஆகிய வட்டாரங்களில் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதும், தேவாலயத்தில் பாடுவதும், வாலிப விவசாயிகள் மன்றத்தில் நாடகம் போடுவதும் அந்த மொழியில்தான். ஆகவே அங்கே ஒரு பண்ணை மூடப்பட்டால் ஒரு தொழில் மட்டும் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகள் குறைகிறார்கள். பிறகு பள்ளிக்கூடமே போகிறது. தோட்டத் துண்டாடலில் தமிழ்ப் பள்ளிகளைப் பறிகொடுத்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மானியத்தின் வரலாற்றுக்கு வருகிறேன். 1930களின் பஞ்ச காலத்தில் பால் விற்ற வேல்ஸ் குடியானவன் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. 1933இல் பால் விற்பனை வாரியம் சட்டப்படி அமைந்தது. யார் கறந்த பாலானாலும் வாரியமே வாங்கியது. மாதம் முடிந்ததும் செக்கு வந்தது. இது மானியமல்ல; ஆனாலும் மாதாமாதம் நிச்சயமாக வரும் காசு எத்தனை குடும்பங்களை நிமிரச் செய்யும் என்பது கூலி வாங்குகிற நமக்குத் தெரியும். அந்த வாரியம் 1994இல் கலைக்கப்பட்டது.

உண்மையான அரசாங்க உதவி இரண்டாம் உலகப்போரை ஒட்டித்தான் வந்தது. போர்க்காலத்தில் கப்பல் வராமல் பிரிட்டன் பட்ட பாடு மந்திரிகளுக்குப் புத்தி புகட்டியது. 1946இல் மலை விவசாயச் சட்டம் வந்தது. மலைப்பண்ணையில் வீட்டைச் செப்பனிட, பாதை போட, தண்ணீர்க் குழாய் இழுக்க, வேலி கட்ட ஆகும் செலவில் பாதியை அரசாங்கம் ஏற்றது. மறு ஆண்டு, 1947இல், விவசாயச் சட்டம். விளைபொருள்களுக்கு உத்தரவாத விலை; ஆண்டுக்கொரு முறை விவசாயச் சங்கத்தோடு உட்கார்ந்து விலையைப் பரிசீலிக்கும் ஏற்பாடு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரி டாம் வில்லியம்ஸ், தொழிற்கட்சிக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு மந்திரியானவர். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தது. அதன் பின் மானியம் பிரஸ்ஸல்ஸிலிருந்து வரத் தொடங்கியது. 1980களிலும் 1990களிலும் ஆட்டுத் தலையை எண்ணிக் காசு கொடுத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்றால் யார்தான் தலையைக் குறைப்பார்கள்? மந்தை பெருகியது, மலை மொட்டையாயிற்று, பறவைகள் குறைந்தன. பாலிலோ நேர்மாறு. பால் மிகுந்துவிட்டது என்று 1984இல் கோட்டா போட்டு, இதற்கு மேல் கறந்தால் அபராதம் என்றார்கள். முந்தின நாள்வரை "கற, கற" என்று சொன்னவர்களும் அவர்களே! கடன் வாங்கிப் புதுத் தொழுவம் கட்டிய குடியானவன் கதி என்ன? கார்மார்த்தன் பக்கத்தில் பலர் மாட்டை விற்றார்கள்.

ஒரு சிறு செய்தி. விஷயத்துக்குப் பக்கவாட்டில் இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1986இல் சோவியத் நாட்டுச் செர்னோபிலில் அணு உலை வெடித்ததல்லவா? அந்த நச்சு, மழையோடு வடவேல்ஸ் மலைகளில் இறங்கியது. ஆட்டைச் சோதிக்காமல் விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடை 2012இல்தான் நீங்கியது. இருபத்தாறு ஆண்டுகள்! சோதனைக்கு ஈடாக ஆடு ஒன்றுக்கு ஒரு பவுன் முப்பது காசு கொடுத்தார்கள். தொடக்கத்தில் நிர்ணயித்த அந்தத் தொகையைக் கடைசிவரை ஏற்றவேயில்லை.

2005இல் தலைக்கணக்கை விட்டுவிட்டு, பழைய வரவையும் நிலத்தையும் கணக்கிட்டுக் காசு கொடுத்தார்கள். 2015இல் ஹெக்டர் கணக்காக மாற்றினார்கள். மலைப்பண்ணைகள் பலவற்றில் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், ஆடு விற்ற காசு செலவுக்கே சரியாகப் போய், மானியம்தான் குடும்பத்தின் வருமானமாக மிஞ்சும். கணக்குப் புத்தகம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பரப்புக்குக் காசு என்றால் பரப்பு மிகுந்தவனுக்கே காசு மிகும். நமது நாட்டில் மறுநடவு மானியம் வந்தபோது மரத்தை வெட்டிப் போட்டு நட்டவர் கைக்குப் போனதா, நிலத்தின் பேர் யார் பத்திரத்தில் இருந்ததோ அவர் கைக்குப் போனதா என்று எண்ணிப் பாருங்கள். குத்தகைக்காரன், பண்ணையாள் இவர்களின் நிலை எங்கேயும் இரண்டாம் பந்திதான்.

மொழி விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. மானியம் வாங்க வேண்டுமானால் பாரம் நிரப்ப வேண்டும். பாரம் எந்த மொழியில்? இன்று வேல்ஸ் விவசாயி வெல்ஷ் மொழியிலேயே பாரம் நிரப்பலாம். அதே மொழியில் ஆபீசுக்குக் கடிதம் எழுதலாம். இது தானாக வந்த வரமல்ல. லாங்கென்னெக் என்ற ஊரில் டிரெவர் பீஸ்லி என்ற நிலக்கரித் தொழிலாளியும் அவர் மனைவி ஐலீனும் 1952இல் ஒரு முடிவு செய்தார்கள். "வீட்டுவரிச் சீட்டு எங்கள் மொழியில் வந்தால் பணம் கட்டுவோம், இல்லாவிட்டால் கட்டமாட்டோம்!" ஒரு டஜனுக்கு மேற்பட்ட தடவை கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அமீனாக்கள் வந்து மேசை, நாற்காலி, பியானோ எல்லாவற்றையும் தூக்கிச் சென்றார்கள். அந்த வெற்று வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார்கள். 1960இல் வரிச் சீட்டு இரு மொழிகளிலும் வந்தது. எட்டு வருஷம், தோழர்களே, ஒரு துண்டுக் காகிதத்துக்காக. 1967, 1993, 2011ஆம் ஆண்டுகளில் வந்த மொழிச் சட்டங்களுக்கு முன்னால் நடந்த கதை இது.

இதே கார்மார்த்தன் வட்டாரத்தில்தான் 1955 டிசம்பரில் சில விவசாயிகள் கூடி, இலண்டனில் தலைமையிடம் கொண்ட தேசிய விவசாயிகள் சங்கத்தை விட்டு விலகி, வேல்ஸ் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். சமவெளிப் பெரும்பண்ணைக்காரனின் குறை வேறு, மலைமேல் நூறு ஏக்கரோடு மல்லுக்கட்டுகிறவனின் குறை வேறு என்பது அவர்கள் வாதம். அரசாங்கம் அந்தச் சங்கத்தை அங்கீகரித்தது எப்போது தெரியுமா? 1978இல்! இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல், விலைப் பேச்சு நடக்கும் மேசையில் நாற்காலி இல்லாமலே சந்தா வசூலித்துச் சங்கத்தை நடத்தியிருக்கிறார்கள். "அங்கீகாரம் இல்லாத சங்கத்துக்குச் சந்தா எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் சிலர் நம்மிடமும் உண்டு. அவர்கள் காதில் இது விழட்டும். அந்தச் சங்கத்தின் பத்திரிகைக்கு வெல்ஷ் மொழியில் வைத்த பெயருக்கு 'நிலம்' என்று பொருள்.

இனி அண்மைய போராட்டம். 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பின்படி பிரிட்டன் 2020 ஜனவரியில் ஐரோப்பாவை விட்டு வெளியேறியது. பிரஸ்ஸல்ஸ் மானியத்துக்குப் பதிலாகக் கார்டிப் அரசாங்கம் சொந்தத் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. 2023இல் வேல்ஸ் விவசாயச் சட்டம் நிறைவேறியது. விவசாயக் கொள்கையின் நோக்கங்களில் ஒன்றாக வெல்ஷ் மொழியை நிலைநிறுத்துவதும் அதன் பயன்பாட்டைப் பெருக்குவதும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆட்டு மானியச் சட்டத்தில் தாய்மொழி! நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த திட்ட வரைவில், மானியம் வேண்டுமானால் நிலத்தில் 10 சதம் மரம் இருக்க வேண்டும், இன்னொரு 10 சதம் இயற்கை உயிர்களுக்கு விட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மரம் நடுவது கெட்ட காரியமா? அல்ல. பூமி சூடேறுகிறது, மரம் வேண்டும். மரத்தை நம்பிப் பிழைக்கும் நாம் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மக்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1940இல் எப்பிண்ட் மலையில் 54 வீட்டாரை வெளியேற்றிப் பட்டாளத்துக்குப் பயிற்சித் திடல் ஆக்கினார்கள். 1965இல் லிவர்பூல் நகரின் தண்ணீருக்காகக் கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் கிராமத்தை, பள்ளிக்கூடம், தேவாலயம், தபாலாபீஸ் எல்லாவற்றோடும் அணை நீரில் மூழ்கடித்தார்கள். அதற்கான மசோதாவுக்கு இலண்டன் பார்லிமெண்டில் வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் அது நிறைவேறியது! இந்த நூற்றாண்டில் வெளியூர்க் கம்பெனிகள் வந்து பண்ணைகளை விலைக்கு வாங்கி, கரிப்புகைக் கணக்குக்காக மரம் நட்டன. மரம் வளர்ந்தது; வீட்டில் விளக்கில்லை. இவ்வளவும் பார்த்தவர்களிடம் "பத்தில் ஒன்றை மரத்துக்கு விடு" என்றால் எப்படி இருக்கும்?

போதாக்குறைக்கு அரசாங்கமே செய்வித்த மதிப்பீட்டில், திட்டம் நடந்தால் பண்ணைகளில் 5,500 பேர் வேலை போகலாம் என்று கண்டிருந்தது. சங்கங்கள் அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டன. 2024 பிப்ரவரியில் வெல்ஷ்பூலிலும் கார்மார்த்தனிலும் ஆயிரக்கணக்கானோர் கூடினர். பிப்ரவரி 28இல் டிராக்டர்களோடு கார்டிப் சட்டமன்றத்தை முற்றுகையிட்டதுபோல் நின்றனர். மார்ச் 6ஆம் நாள் சட்டமன்றப் படிகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்சுகளை வரிசையாக வைத்தார்கள். ஒரு ஜோடிக்கு ஓர் ஆள். கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது, நாம் கறக்கும் பால் எங்கெங்கெல்லாம் போய் நிற்கிறது என்றும் எனக்குத் தோன்றிற்று. அது கிடக்கட்டும். கருத்துக் கேட்புக்கு 12,000க்கு மேற்பட்ட பதில்கள் குவிந்தன. மே மாதம் மந்திரி திட்டத்தை 2026க்குத் தள்ளிவைத்தார். 2025 ஜூலையில் இறுதித் திட்டம் வந்தபோது 10 சத மர நிபந்தனை இல்லை. எங்கே நடலாம் என்று விவசாயி திட்டம் போட்டு, அதன்படி ஓரளவு செய்து காட்ட வேண்டும் என்று மாறியிருந்தது. இயற்கை உயிர்களுக்கான 10 சதம் மட்டும் அப்படியே நின்றது.

"விவசாயிகள் சங்கம் முதலாளிகள் சங்கம்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவாக விவசாயத் தொழிலாளர் சம்பள வாரியம் ஒன்று இருந்தது. பண்ணையாளுக்குக் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம், லீவு எல்லாவற்றையும் நிர்ணயித்தது அதுதான். 2013இல் இலண்டன் அரசாங்கம் அதை ஒழித்தது. வேல்ஸ் சட்டமன்றம் உடனே தனிச் சட்டம் கொண்டுவந்து கூலி நிர்ணயத்தைக் காப்பாற்ற முனைந்தது. "உங்களுக்கு அதிகாரமில்லை" என்று இலண்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2014 ஜூலையில் நீதிமன்றம் வேல்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2016இல் வேல்ஸுக்கென விவசாய ஆலோசனைக் குழு அமைந்தது. முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் அதில் உட்கார்ந்து கூலியைப் பேசுகின்றன. இங்கிலாந்துப் பண்ணையாளுக்கு அப்படியொரு சபை இன்றும் இல்லை. இந்த விவகாரத்தில் வேல்ஸ் விவசாயிகள் சங்கம், கூலி கொடுப்பவர்களின் சங்கமாக இருந்தும், வாரியம் இருக்கட்டும் என்றே சொன்னது. சிறு பண்ணையில் கூலி கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஊர், ஒரே தேவாலயம். ஆண்டுதோறும் முகத்துக்கு முகம் பேரம் பேசிப் பகைத்துக்கொள்வதைவிட, சட்டம் விதித்த கூலி இருவருக்கும் நிம்மதி.

புதிய திட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சேருகிறவர்கள் மண் பரிசோதனை, புதர்வேலி, கால்நடை நலம் என்று பன்னிரண்டு கடமைகளை ஏற்கிறார்கள், ஈடாக ஆண்டுத்தொகை. சேராதவர்களுக்குப் பழைய ஹெக்டர் மானியம் முதல் ஆண்டில் 60 சதமாகக் குறைந்து, ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 2029இல் நின்றுவிடும் என்பது அறிவிப்பு. மலைமேலிருக்கும் சிறு பண்ணைக்காரன் இப்போது அந்தப் பாரத்தை, தன் தாய்மொழியில்தான், முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பின்வரிசைத் தோழர் கையைத் தூக்குகிறார். முதல் கேள்வி அவருடையது.